தூசிக்கு இரண்டு கண்

நேயர்களுக்கு வணக்கம். பழைய படங்களை 3டி படங்களாக மாற்றுவது என் வேலை. கண்ணுக்கான அந்த வேலையைப் பற்றிக் காதுக்குச் சொல்லும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். ஆகவே முதலில் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. கட்டைவிரலை மூக்குக்கு நேராக ஒரு சாண் தள்ளி நிறுத்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடுங்கள். விரல் இப்படியும் அப்படியும் தாவுகிறதல்லவா? வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் தயவுசெய்து வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள்.

நம் கண்களுக்கு நடுவே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் வரும் இந்தத் தாவலை வைத்து மூளை தொலைவை அளக்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதைக் கண்ணாடிகளும் வரைபடங்களும் வைத்து விளக்கினார். வேலூர்க்காரர்களுக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முள்ளுக் கத்தரிக்காயின் காம்பைப் பிடித்தால் விரலே சொல்லிவிடும்.

1984இல் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற 3டி படத்தைப் படப்பிடிப்பிலேயே இரு கண்ணுக்கும் எடுத்துவிட்டார்கள். எங்கள் வேலை வேறு. ஒரு கண்ணுக்காக எப்போதோ கையால் வரைந்து முடித்த அனிமேஷன் படத்துக்கு இன்னொரு கண்ணை நாங்கள் உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் ஓடும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஒரு சாம்பல்நிறப் படம் தயாராகும். அருகே இருப்பது வெளுப்பு, தொலைவில் இருப்பது கறுப்பு. மூக்கைவிடக் காது ஒரு சாயல் கறுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதாநாயகன் அட்டைப் பொம்மையாகிவிடுவான். அந்தச் சாயலுக்கேற்ப உருவத்தை நகர்த்தினால் அது மறைத்திருந்த இடம் ஓட்டையாகத் தெரியும். பின்னணியை வரைந்து அதை அடைக்க வேண்டும். 90 நிமிடப் படத்தில் 1,29,600 பிரேம்கள். கணக்குப் போடாமல் இருப்பதே மனதுக்கு நல்லது.

இத்தனைக்கும் உருவங்கள் எளிது, அவற்றுக்கு ஓரம் உண்டு. புகை, தூசி, மழை, தீப்பொறி, இவற்றுக்கு ஓரம் எங்கே? பழைய படத்தில் தூசி குதிரையின் மேலேயே ஒட்டி வரையப்பட்டிருக்கும். குதிரையை முன்னால் இழுத்தால் தூசியும் திரைச்சீலைபோல மொத்தமாகக் கூடவே வரும். அதனால் தூசியைத் துடைத்தெடுத்துவிட்டு கணினியில் புதிதாகக் கிளப்ப வேண்டும். அது என் பொறுப்பு.

முதல் முறை அதைக் கெடுத்தவனும் நான்தான். இடக்கண்ணுக்கு ஒரு தடவை தூசியைக் கிளப்பினேன், வலக்கண்ணுக்கு இன்னொரு தடவை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகு. 3டி கண்ணாடி போட்டுப் பார்த்தபோது திரை முழுக்க ஏதோ மினுமினுத்தது. பத்து நொடியில் நெற்றி வலித்தது. ஒரு கண் பார்த்த துகள் மறு கண்ணில் இல்லவே இல்லை. கணினி ஒவ்வொரு தடவையும் துகள்களைப் புதிதாகத் தூவியிருந்தது. தூசியை ஒரே ஒரு முறை கிளப்பி, அதையே கணினிக்குள் கண்ணுக்கு ஒன்றாக வைத்த இரண்டு கேமராவால் பார்த்திருக்க வேண்டும்.

திருத்திய பிறகும் அந்தத் தூசிக்கு உயிரில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன். பாலாற்றுக்குள் ஆட்டு மந்தை ஒன்று போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாத ஆற்றுக்கு அந்த ஒரு உபயோகமாவது இருக்கிறதே என்று கரையில் உட்கார்ந்தேன். தூசி ஆடுகளுக்கு முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை. ஆடுகள் அதற்குள் இருந்தன. முன்னங்கால் தெளிவாகத் தெரிந்த ஆட்டுக்குப் பின்னங்கால் இல்லை. குளம்படியில் கெட்டியாக எழுந்தது வயிற்றுக்கு மேலே வருவதற்குள் கரைந்துபோனது.

திங்கட்கிழமை குதிரையின் கால்களுக்கு நடுவே தூசியை இறக்கினேன். முன்காலுக்கு முன்னால் கொஞ்சம், இரண்டு கால்களுக்கும் இடையில் நிறைய, வாலுக்குப் பின்னால் மீதி. மேற்பார்வையாளர் கண்ணாடியைப் போட்டு மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த காட்சியை அனுப்பினார். அதில் மழை.