சடங்குக்கு மண்டபம், பேட்டுக்குக் கறுப்புப் பை

வணக்கம் நேயர்களே. நம் வீட்டுப் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் என்ன செய்கிறோம்? மண்டபம் எடுக்கிறோம். தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, பெரிய பதாகை, வீடியோ எல்லாம் உண்டு. இங்கே மலேசியாவில், பிறை, பட்டர்வொர்த் ஊர்களில் கடன் வாங்கிச் சடங்கு செய்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அடுத்த மாதம் மாதவிடாய்க்கான பேட் (சானிட்டரி நாப்கின்) தீர்ந்துவிட்டால், அதே பிள்ளை அப்பா வெளியே கிளம்பும்வரை காத்திருந்துதான் அம்மாவிடம் சொல்கிறாள்.

பினாங்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாங்கள் சிலர், மாணவிகளின் கழிப்பறையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். பழைய செருப்புப் பெட்டிதான். உள்ளே பேட், மூடியில் 'தேவைப்பட்டால் எடு, முடிந்தால் போடு' என்ற வரி. முதலில் கையெழுத்துப் புத்தகமும் வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கூடாது என்று நான் சண்டையே போட்டேன். இல்லாதவளைப் பெயர் எழுதச் சொன்னால் எடுக்கவே மாட்டாள். பெட்டியைக் கைகழுவும் இடத்தில் வைத்தபோது யாரும் தொடவில்லை. கதவுக்கு உள்ளே, ஆணியில் மாட்டிய பையாக மாற்றியதும் காலியாக ஆரம்பித்தது.

கணக்கைப் பாருங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஐந்து நாளுக்கு இருபது பேட் என்று வைத்தால், அம்மாவும் இரண்டு பெண்களும் உள்ள வீட்டுக்கு மாதம் அறுபது. வாடகை, பால், பேருந்துக் காசு எல்லாம் போன பிறகுதான் இதற்கு வெள்ளி (ரிங்கிட்) மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால், காலையில் வைத்ததையே பள்ளி விடும்வரை வைத்துக்கொள்கிறார்கள், அல்லது "வயிற்று வலி" என்று விடுப்பு எடுக்கிறார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2018இல் பேட்டுக்கு வரி நீங்கியது. 2022 வரவு செலவுத் திட்டத்தில், பி40 (வருமானத்தில் கீழ்நிலையில் உள்ள 40 விழுக்காட்டு) குடும்பங்களின் மாணவிகள் ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்குச் சுகாதாரப் பொருள் தருவதாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால் காசு ஒரு பாதிதான், வெட்கம் இன்னொரு பாதி. 2021இல் நம் நாட்டு மாணவிகள், மாதவிடாய் வந்ததை நிரூபிக்கச் சொல்லிப் பள்ளியில் தங்களைச் சோதனை செய்தார்கள் என்று சமூக ஊடகங்களில் வெளிப்படையாக எழுதினார்களே, நினைவிருக்கிறதா? அதுவரை பலர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெட்கத்தை உடைப்பது பேட் வாங்குவதைவிடக் கஷ்டம். கடைக்காரர் கேட்காமலேயே கறுப்புப் பையில் சுற்றித் தருவார். எங்கள் குழுவில் இருக்கும் பையன்கள் இப்போது பை வேண்டாம் என்று சொல்லிக் கையிலேயே வாங்கி வருகிறார்கள். முதல் தடவை ஒருவன் முகம் சிவந்தது, அப்புறம் பழகிவிட்டது. வீட்டில் தங்கைக்கும் அவன்தான் வாங்குகிறானாம். "அம்மா முதலில் திட்டினார்கள் அக்கா, இப்போ அளவு சொல்லி அனுப்புறாங்க" என்றான்.

பள்ளிக்கூடம் பக்கம் இன்னொன்று பாக்கி இருக்கிறது. பேட் இருந்தாலும், கழிப்பறையில் மூடி போட்ட குப்பைத்தொட்டியும் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாவிட்டால் பிள்ளை எப்படி மாற்றுவாள்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், பந்தல், விளையாட்டுப் போட்டி எல்லாம் பேசி முடித்ததும் இந்த மூன்றையும் கேட்டு வாருங்கள். அப்பாக்களும் கேட்கலாம்.