அந்தப் பொண்ணு பாஸாயிடுச்சா?

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வாழ்த்துரை முடிந்ததும் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிடாமல் இன்னும் உட்கார்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே (இந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்குத் தனியாக ஒரு நன்றி), இந்த மண்டபத்துக்கு ஆறு மின்விசிறி வாங்கிக் கொடுத்த அரிசி ஆலை அண்ணன் அவர்களே! போன வருடம் நான் பேசியபோது ஆறில் நான்குதான் சுற்றியது. இன்று ஆறும் சுற்றுகிறது. பழுதுபார்த்த செலவும் அண்ணனுடையதுதான் என்று சற்றுமுன் தெரிந்தது. ஆகவே இரண்டாவது நன்றி. முன்வரிசைப் பெரியவர்களே, பின்வரிசையில் கைபேசியோடு இருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'அண்மைக்கால ஆய்வுகள்: ஒரு பார்வை' என்று போட்டிருக்கிறார்கள். கணிதம், அறிவியல், பொறியியல், மொழியியல், கடைசியாகக் கணினி மொழிபெயர்ப்பு என்று ஐந்து தலைப்பு குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்புரையில் ஒரு பத்து நிமிடம் போய்விட்டது, பரவாயில்லை.

முப்பத்து மூன்று வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவன் நான், அதனால் கணக்கில் ஆரம்பிக்கிறேன். இங்கே தரையைப் பாருங்கள், சதுர ஓடு பதித்திருக்கிறது. ஒரு ஓட்டைப் பார்த்துவிட்டால் மண்டபம் முழுக்கப் பார்த்த மாதிரி. அதே கட்டம் திரும்பத் திரும்ப வரும். கணிதக்காரர்கள் கேட்ட கேள்வி இது: ஒரே ஒரு வடிவத்தை மட்டும் வைத்து, இடைவெளி விடாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், எவ்வளவு தூரம் போனாலும் அமைப்பு திரும்பவே வராதபடி தரையை மூட முடியுமா? 1966-இல் ராபர்ட் பெர்கர் இப்படித் திரும்பாத ஒரு பதிப்பைக் கண்டுபிடித்தார். அதற்கு அவருக்கு 20,426 வகை ஓடு தேவைப்பட்டது. எழுபதுகளில் ரோஜர் பென்ரோஸ் அதை இரண்டு வகையாகக் குறைத்தார். ஒன்றாகக் குறைக்க அதன்பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது.

குறைத்தது யார்? இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கம் பிரிட்லிங்டன் என்ற கடலோர ஊர். அங்கே டேவிட் ஸ்மித் என்று ஒருவர், அச்சுத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். பேராசிரியர் கிடையாது. வடிவங்களோடு விளையாடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. 2022 கடைசியில் 13 பக்கம் கொண்ட ஒரு வடிவம் கையில் சிக்கியது. அதை அட்டையில் நிறைய வெட்டி மேசையில் பரப்பிப் பார்த்தார். அமைப்பு திரும்பவே மாட்டேன் என்கிறது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக் கிரெய்க் கேப்லனுக்கு எழுதினார். இன்னும் இருவர் சேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் நால்வர் பெயரிலும் நிரூபணம் வெளிவந்தது. பார்ப்பதற்குத் தொப்பி மாதிரி இருப்பதால் அதற்குத் 'தொப்பி' என்றே பெயர். 'அதில் சில ஓட்டைத் திருப்பிப் போடவேண்டியிருக்கிறதே, அப்படியானால் இரண்டு வடிவம்தானே' என்று சிலர் கேட்டார்கள். இரண்டே மாதத்தில், மே மாதம், திருப்பிப் போடத் தேவையில்லாத இன்னொரு வடிவத்தையும் அதே நால்வர் கொண்டுவந்தார்கள்.

அட்டையும் கத்தரிக்கோலும். இதைக் கேட்டதும் எனக்குப் பக்கத்து வாசல் ஞாபகம்தான் வந்தது.

நண்பர்கள் என்னைச் 'சுரைக்காய் வாத்தியார்' என்று கூப்பிடுவது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கே பேசினாலும் 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று சொல்லிவிடுவேன் என்பதால் வந்த பெயர். வகுப்பில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், ஒரு துக்க வீட்டில்கூடச் சொல்லித் திட்டு வாங்கினேன். இன்றும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அப்பத்தா இருக்கிறார். எனக்கு அத்தை முறை, ஆனால் ஊரே அப்பத்தா என்றுதான் கூப்பிடும். சிக்குக் கோலத்தில் அவரை மிஞ்ச சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. மார்கழியில் முப்பது நாளும் ஒரு தடவை போட்ட கோலம் மறு தடவை வராது. நேர்ப்புள்ளி, இடுக்குப் புள்ளி, எதுவானாலும் ஆரம்பித்த இடத்திலேயே கம்பி வந்து மூடும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறேன் என்று நோட்டும் கேமராவுமாக வந்தார். நல்ல பிள்ளை. மூன்று நாள் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தா போட்டதை எல்லாம் படம் எடுத்தார், கேள்வி கேட்டார், கம்மங்கூழ் குடித்தார். போகும்போது 'முடிஞ்சதும் வந்து காட்டுறேன் அப்பத்தா' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அப்பத்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. 'ஏப்பா வாத்தியாரே, அந்தப் பொண்ணு பாஸாயிடுச்சா?' தபால்காரரிடமும் கேட்டிருக்கிறார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவரிடமும் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் பரிட்சையில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறார், அது நியாயம்தானே?

போன வருடம் என் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் 'ஷோத்கங்கா' என்ற சேமிப்பகம் இருக்கிறது, காந்திநகரில் இருந்து நடத்துகிறார்கள். லட்சக்கணக்கான ஆய்வேடுகள். யாரும் காசில்லாமல் படிக்கலாம், நல்ல ஏற்பாடு. கோலம், மாவட்டம் என்று போட்டுத் தேடி, பேத்தி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பெண் பாஸ்தான்! ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. 'என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டு' என்றார்.

முந்நூறு பக்கமும் ஆங்கிலம். சரி, நானே மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். 'என் பேரு இருக்கா?' என்று கேட்டார். பெயர் போடுவதில்லை, தகவல் கொடுத்தவருக்கு எண்தான் கொடுப்பார்கள், அது ஆராய்ச்சி முறை. 'உங்களைப் பதினேழுன்னு போட்டிருக்கு அத்தை' என்றேன். 'பதினேழு புள்ளியா? நான் அவளுக்குப் பதினஞ்சுக்கு மேல போட்டுக் காட்டலியே' என்றார்.

அந்த அட்டவணையில் பதினேழாம் எண்ணுக்கு நேரே வயது, தொழில் எல்லாம் இருந்தது. 'எழுத்தறிவு: இல்லை' என்றும் இருந்தது. அந்த இடத்தை மட்டும் நான் வாசித்துக் காட்டவில்லை.

அப்புறம் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நிறுத்தினார். விரலால் தொட்டுப் புள்ளி எண்ணினார். 'இதுல ஒரு புள்ளி விட்டுப்போச்சே. அப்புறம் கம்பி எப்படி மூடும்?' நான் சரிபார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். புள்ளி ஒன்று குறைவு. அந்தப் படத்தை வைத்து அடுத்த இரண்டு பக்கம் கணக்குப் போட்டிருக்கிறது. வழிகாட்டி படித்து, தேர்வாளர்கள் படித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்து பட்டமும் கொடுத்தாகிவிட்டது. 'எழுத்தறிவு இல்லை' என்று யாரைப் போட்டார்களோ, அவர் கண்ணில் மட்டும் பிழை பட்டது. நாலு பக்கம் தமிழில் எழுதி ஒரு தடவை இந்தத் திண்ணைக்கு அனுப்பியிருந்தால் பட்டம் வாங்குவதற்கு முன்னாலேயே திருத்தியிருக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்!

கோலத்தைக் கணக்காகப் பார்ப்பது புதிது கிடையாது. 1974-லேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசனும் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். வாக்கியம் உண்டாக விதி இருப்பதுபோல் கோலம் உண்டாகவும் விதி எழுதலாம் என்று காட்டிய ஆய்வு அது. கணிதம், மொழியியல், கணினியியல் மூன்றும் நம் வாசலில் வந்து சேர்ந்த இடம். உலகம் முழுக்க இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். மூன்று. அதில் ஒருவர் என் மனைவி.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். நம் மாவட்டத்துக் கீழடி. ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகத்தில் சோதித்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. 2019 செப்டம்பரில் தொல்லியல் துறை அறிக்கையை வெளியிட்டபோது ஆங்கிலத்தோடு தமிழிலும் வெளியிட்டது. விளைவு என்ன? டீக்கடையில் கரிமக் காலக்கணிப்பு பற்றிச் சண்டை போடுகிறார்கள். பாதி தப்பாகத்தான் பேசுகிறார்கள், பேசட்டுமே. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 வரை போகிறது, அதனால் இரும்பின் காலமும் அவ்வளவு பின்னே போகிறது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை எங்கள் முடிதிருத்தும் கடையில், 'ஒரு கரித்துண்டை வச்சு எப்படி சார் இரும்புக்கு வயசு சொல்றாங்க?' என்று ஒருவர் கேட்டார். முதல்வர் அவர்களே, இது ஒரு ஆய்வரங்கில் கேட்கவேண்டிய கேள்வி இல்லையா? அறிவியல் அறிஞர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அறிவியல் என்று ஒரு தலைப்பு வைத்திருந்தேன். நேரம் இல்லை, ஒன்றே ஒன்று. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி பக்கம் அனார்த்தோசைட் என்றொரு பாறை கிடக்கிறது. நிலவின் மேட்டுப்பகுதிப் பாறையும் அதே வகை. அதை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண் மாதிரி தயாரித்தது. சந்திரயான் தரையிறங்கு கலத்தின் காலும் உலாவியின் (ரோவர்) சக்கரமும் அப்படிப்பட்ட மண்ணில் பழகிய பிறகுதான் மேலே போயின. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான் 3 இறங்கியபோது அந்தப் பக்கத்துக்காரர்கள் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்கள்! தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதால் தெரிந்தது.

மொழியியலுக்கு வருகிறேன். 2018-இல் விஷ்ணுபிரியா கோலிபாகம் முதலானவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இருபது திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களை, பேசுபவர்களிடமிருந்தே சேகரித்து, உயிரினங்களுக்குக் குடும்ப மரம் வரைகிற அதே கணக்கு முறையால் மொழிகளுக்கும் மரம் வரைந்தார்கள். இந்தக் குடும்பத்துக்கு வயது சுமார் 4,500 ஆண்டு என்று வந்தது. எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அவர் டேராடூனில் வனவிலங்கு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். புலியை எண்ணுகிற ஊரிலிருந்து மொழியின் வயதை எண்ணியிருக்கிறார்கள். அந்தச் சொற்களைச் சொன்ன இருபது மொழிக்காரர்களின் வீட்டுக்கும் அவரவர் மொழியில் ஒரு தாள் போனால் எப்படி இருக்கும்!

'சார், அதெல்லாம் கணினியே மொழிபெயர்த்துடும்' என்று பின்வரிசைத் தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. வாஸ்தவம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2023-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் ஒரு மொழிபெயர்ப்புப் பொறியை இலவசமாகவே வெளியிட்டது. பெரிய வேலை. ஆனால் தம்பி, அந்தப் பொறி தமிழ் கற்றுக்கொள்வது யாரோ எழுதிவைத்த தமிழிலிருந்து. இயற்பியலை, மண்ணியலை, கோலக் கணக்கைத் தமிழில் யாருமே எழுதாவிட்டால் அது எங்கே போய்ப் படிக்கும்? விதையே போடாமல் சுரைக்காய் பறிக்க முடியாது. பாருங்கள், மறுபடி சுரைக்காய்.

கலைச்சொல் இல்லை என்பார்கள். இருக்கிற இடத்தில் தமிழ்ச்சொல், இல்லாத இடத்தில் அந்த ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அனார்த்தோசைட் என்று சொன்னேன், யாராவது மயங்கி விழுந்தீர்களா?

நூலகர் அம்மா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். 'ஐந்து நிமிடம்' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறார். பொறியியலைத் தொடவே இல்லை. அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிட்டால் அதிலேயே ஆரம்பிக்கிறேன்.

என் கோரிக்கை இரண்டு வரி. தமிழ்நாட்டில் முனைவர் பட்டத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஆய்வேட்டிலும், எந்தத் துறையானாலும், நான்கு பக்கம் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். எந்த ஊரில் தகவல் எடுத்தார்களோ அந்த ஊர் நூலகத்துக்கு அதன் படி ஒன்று வரவேண்டும். நான்கே பக்கம்! முந்நூறு பக்கம் எழுதுகிறவருக்கு ஒரு வாரத்து வேலை. கல்லூரி முதல்வர் அவர்கள் தம் கல்லூரி ஆய்வாளர்களுக்கு அரசாணைக்குக் காத்திராமல் இதைச் சொல்லலாம். அவர் தலை அசைக்கிறார், அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் பார்த்தீர்கள்.

இந்தக் கோரிக்கை மனுவில் இதுவரை 212 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் இடத்தில் இருப்பது கைநாட்டு. அதற்குச் சொந்தக்காரர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், அண்ணன் வாங்கிக்கொடுத்த மின்விசிறிக் காற்றில் நன்றாகத் தூங்குகிறார், கைதட்டி எழுப்பிவிடாதீர்கள். இந்தப் பேச்சை எழுத்தில் வெளியிட இருக்கிறார்கள். அந்த ஆய்வாளரின் கண்ணில் பட்டால் ஒருமுறை வந்து போகட்டும். அவர்மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. விட்டுப்போன புள்ளி எது என்று அப்பத்தா திண்ணையில் போட்டே காட்டுவார்.

படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா நூலகத்துடையது, கையெழுத்துப் போட்டதும் அங்கேயே வைத்துவிடுங்கள். வணக்கம்.