திருகோணமலையில் சாப்பிட வேண்டுமா? கடலுக்கு முதுகைக் காட்டுங்கள்!

வணக்கம். திருகோணமலைக்குச் சாப்பிடவென்றே வருபவர்களில் பலர் முதல் நாளிலேயே ஒரு பிழை விடுகிறார்கள். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஒரு விடுதியில் அமர்ந்து, வெண்ணெயில் பொரித்த இறாலை உண்டுவிட்டு, ஊரின் சுவையை அறிந்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். இறால் எங்கள் கடலுடையதுதான். ஆனால் அந்தச் சமையல் எந்த நாட்டுக் கடற்கரையிலும் கிடைக்கும். இந்த ஊர் எதைச் சாப்பிட்டு வளர்ந்தது என்று அறிய விரும்புகிறவர், கடலுக்கு முதுகைக் காட்டி வயற்பக்கம் திரும்ப வேண்டும்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலர் பிடிக்கப் போட்டியிட்ட துறைமுகம் இது. அந்த வரலாற்றுக்கு வேறு காணொளிகள் நிறைய இருக்கின்றன. மாலையில் நகரக் கடற்கரையில் இறால் வடை வாங்கினால் கையை உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இங்கே தெருவில் திரியும் புள்ளிமான்களுக்குக் கூச்சம் கிடையாது.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்: எருமைத் தயிர்.

இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. ஆறு பரந்து தேங்கும் மூதூர், கிண்ணியாப் பக்கத்துத் தாழ்நிலங்களிலும், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளிகளிலும் எருமைக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு என்பதால், வெயிலில் அது சேற்றிலும் நீரிலும் கிடந்தே உடலைக் குளிர்விக்க வேண்டும். முன்பு வயலில் சேறடிக்கவும், சூடு மிதிக்கவும் (கதிரை மிதித்து நெல்மணியைப் பிரிக்கவும்) அந்த எருமைகளே உழைத்தன. உழவு இயந்திரம் வந்து அந்த வேலையைப் பறித்துக்கொண்ட பிறகும் பால் மட்டும் நிலைத்துவிட்டது.

எருமைப் பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவில் இருக்கும். பசும்பாலில் 4 சதவீதம் அளவுதான். தயிர் கெட்டியாக உறைவதற்கு அது ஒரு காரணம், சட்டி மற்றொரு காரணம். மெருகு பூசாத மண்சட்டி தயிரின் நீரை மெல்ல உறிஞ்சி வெளியே கசியவிடுகிறது. கசிந்த நீர் ஆவியாகும்போது சட்டியும் குளிர்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக் கோப்பையில் விற்கப்படும் தயிருக்கு இந்த இரண்டும் வாய்ப்பதில்லை; அதைத் தயிர் என்று அழைப்பதே பெருந்தன்மை என்பது என் கருத்து.

இந்தத் தயிரைப் புட்டோடுதான் சாப்பிட வேண்டும். நீத்துப்பெட்டியிலிருந்து, அதாவது புட்டு அவிக்கும் ஓலைப்பெட்டியிலிருந்து, கொட்டிய புட்டை ஆவி பறக்க உதிர்த்து, ஒரு கதலி வாழைப்பழத்தைப் பிசைந்து, வெள்ளைச் சீனிக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையைத் தூவி, ஏடு படிந்த தயிரை அகப்பையால் வெட்டி அதன்மேல் வைக்க வேண்டும். சூடும் குளிரும் ஒரே கவளத்தில் சந்திக்கின்ற அந்தக் கணத்துக்காக எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேருந்தில் இருக்கலாம். அதே புட்டின் முதற்பாதி மீன் குழம்போடு போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீனும் தயிரும் சேரக்கூடாது என்று சொல்பவர்களுக்காகவோ என்னவோ, எங்கள் அம்மம்மா மீன் குழம்புக் கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் தயிர்ச்சட்டியைத் திறக்க விடுவார். உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்று கீழே எழுதுங்கள்.

இந்தத் தயிரைத் தேடிக் கிண்ணியாவுக்குப் போவது இப்போது எளிது. முன்பு வாகனங்களை ஏற்றி நீரைக் கடந்து சென்ற மிதவையை எங்கள் ஊரில் 'பாதை' என்றே அழைப்போம். 2009-இல் பாலம் திறந்த பின் அந்தச் சொல் முதியோர் பேச்சில் மட்டும் மிதக்கிறது.

நல்ல தயிரென்றால் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்பார்கள். விற்பவர் கவிழ்த்துக் காட்டியபோது உண்மையாகவே விழவில்லை. அடுத்து நான் கவிழ்த்தேன். ஒளிப்பதிவாளரின் சப்பாத்து அதற்குச் சாட்சி. அந்தக் காட்சியை வெட்டாமல் இறுதியில் சேர்த்திருக்கிறேன்.