மத்திப் பெட்டியும் கல்லீரல் பெட்டியும்

(காட்சி: அதிகாலை, கொழிஞ்சாம்பாறை. மீன் வண்டியிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன.)

தெர்மகோல் பெட்டி, நொறுக்கிய ஐஸ், நடுவில் மத்தி. கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாகக் கொச்சிக்குத் தானமாகக் கிடைத்த உறுப்பை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸிலும் இப்படியொரு பெட்டிதான் இருக்கும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பாதிதான் சரி.

மீன் அழுகாமல் இருந்தால் போதும். சிறுநீரகமோ உயிரோடு போய்ச் சேர வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற பிறகும் உயிரணுக்களின் பசி அடங்குவதில்லை. 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும், அவ்வளவுதான். எனவே இதயத்துக்குச் சுமார் 4 மணி நேரம்தான் கெடு. கல்லீரல் 12 மணி நேரம் வரை தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளைக்கு மேலும் பொறுக்கும். 2021-இல் சுரங்கப்பாதை திறக்கும் முன், பாலக்காடு-திருச்சூர் சாலையில் குதிரான் ஏற்றத்தில் வண்டிக்குள் முடங்கிக் கிடந்தவர்களுக்கு 4 மணி நேரம் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

(காட்சி: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பைகள்.)

முதல் பையில் உறுப்பும் பாதுகாப்புத் திரவமும். இரண்டாவதில் குளிர்ந்த உப்புநீர். மூன்றாவது பைக்கு வெளியேதான் ஐஸ். அது நேராகத் தொட்டால் திசு உறைந்து சிதைந்துவிடும். மத்திக்கு அந்தக் கவலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் திரவம்தான். குளிரில், சோடியத்தை வெளியே தள்ளும் உயிரணுவின் சோடியம் பம்ப் ஓய்ந்துவிடுகிறது. சோடியம் உள்ளே நுழைய, பின்னாலேயே தண்ணீரும் நுழைய, ஊறப்போட்ட உளுந்து மாதிரி உயிரணு உப்பிப் போகும். 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சதர்ட் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உயிரணுவுக்குள் இருப்பது போலவே பொட்டாசியம் மிகுந்த திரவம். அதில் உயிரணுவுக்குள் புக முடியாத ராஃபினோஸ் போன்ற பொருள்கள். அவை தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைக்கும். பருப்பு, பயறு தின்றால் வாயுத் தொல்லை தருகிற சர்க்கரைகளில் ஒன்றுதான் இந்த ராஃபினோஸ்!

(காட்சி: கண்ணாடி மூடிக்குள் கல்லீரல், குழாய்கள்.)

இப்போது ஐஸே வேண்டாம் என்கிற இயந்திரமும் வந்துவிட்டது. 37 டிகிரியில் ரத்தமும் ஆக்சிஜனும் கல்லீரலுக்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இப்படி 3 நாள் காக்கப்பட்ட கல்லீரலை 2021-இல் ஒருவருக்குப் பொருத்தினார்கள்.

(காட்சி: மெல்லிய குழாயில் பழுப்புத் துளி ஒன்று நகர்கிறது.)

இது பித்தநீர். உடலுக்கு வெளியே இருந்தபடியே அந்தக் கல்லீரல் சுரந்தது. ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் கல்லீரல் நன்றாக இருக்கிறதா என்பது பொருத்திய பிறகுதான் தெரியும். இங்கே இந்தத் துளியையும், நல்ல கல்லீரல் அகற்றிவிடும் லாக்டேட் என்கிற கழிவின் அளவையும் பார்த்து, கத்தி எடுக்கும் முன்பே மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.