கணிப்பொறிக்குள் ஓர் எண்ணுக்கு எவ்வளவு இடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்துவிட்டு கட் ஆஃப் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் பெற்றவர்களும் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கணினி அமைப்புப் பொறியியலில் சேர்ந்தால் நான்கு வருஷம் உள்ளே எதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன்.

பாடங்களின் பெயர்களை அடுக்கினால் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ், கணினிக் கட்டமைப்பு, ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கம்பைலர், மோட்டார் மாதிரிக் கருவிக்குள் சின்னக் கணிப்பொறியைப் பொதித்து வைக்கும் எம்பெடட் சிஸ்டம் என்று போகும். புரோகிராம், அது ஓடும் சிப், சிப்புக்கு வரும் கரண்டு, ஒயரின் மறுமுனையில் இருக்கும் மோட்டார், இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவரே பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் போட்டால்தான் விளங்கும் சங்கதிகளை விட்டுவிடுகிறேன். வானொலியில் கரும்பலகை கிடையாது.

நமக்குப் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். செல்போனில் கூப்பிட்டால் ஓடும் பம்ப்செட். களக்காட்டு வாழைத் தோட்டமோ, அம்பாசமுத்திரத்து நெல் வயலோ, மும்முனைக் கரண்டு நடுச்சாமத்தில் வந்தாலும் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கல்லூரிப் பிள்ளைகள் விரும்பிச் செய்கிற புராஜெக்ட் இது. புரோகிராம் ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சின்னப் போர்டு, சிம் போட்டு அழைப்பு வாங்கும் ஜிஎஸ்எம் மாட்யூல், சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே. மேசைமேல் அரைமணி நேரம் அருமையாக ஓடும். மோட்டார் அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் நின்றுவிடும். ஏன் நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தப் படிப்பு.

முதல் காரணம் எண். கரண்டு வந்த உடனே வோல்டேஜ் ஏறி இறங்கும், ஒரு நிமிஷம் பொறுத்து மோட்டாரைப் போடு என்று புரோகிராம் எழுதுகிறார்கள். போர்டுக்கு மில்லிசெகண்டில் சொல்ல வேண்டும். அதனால் 60 பெருக்கல் 1000 என்று எழுதுகிறார்கள். கணக்கு சரிதான், 60,000. ஆனால் அந்தப் போர்டில் சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கியிருப்பது 16 பிட், அதாவது பூஜ்யமோ ஒன்றோ வைக்கும் 16 கட்டம். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. அறுபதாயிரம் அதில் அடங்காது. சுற்றிக்கொண்டு மைனஸ் 5,536 ஆகிவிடும். காத்திருக்கச் சொல்லும் கட்டளைக்கு மைனஸ் தெரியாது. அது 32 பிட் எண்ணாகவே வாங்கிக்கொள்ளும். மைனஸ் 5,536 அங்கே போனால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் ஆகும். மில்லிசெகண்டில் அது 49 நாள். ஒரு நிமிஷம் பொறு என்று சொன்னதற்கு 49 நாள் பொறுக்கும். தோட்டக்கார அண்ணாச்சி போனில் கூப்பிடுவார், "ஏ தம்பி, கரண்டு வந்து ரெண்டு மணி நேரமாச்சு, மோட்டார் ஓடவே மாட்டேங்கு" என்று.

வேடிக்கை என்னவென்றால், மேசைமேல் சோதிக்கும்போது ஒரு நிமிஷம் யார் காத்திருப்பது என்று 30 செகண்டு வைத்திருப்பார்கள். 30,000 அடங்கும், ஒழுங்காக ஓடும். 32 செகண்டு வரை ஓடும். 33 வைத்தால் போச்சு. நாம் எழுதியதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியதுதான். ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகள் முதலிலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸ் போய், எச்சரிக்கை எல்லாம் காட்டு என்று மாற்றுங்கள். எண்ணை எழுதும்போது 60க்குப் பின்னால் யூ, எல் என்று இரண்டு எழுத்துப் போடுங்கள். 32 பிட்டில் கணக்குப் போடு என்று அதற்குப் பொருள்.

சரி, 32 பிட் வாங்கிவிட்டோமே, இனிக் கவலை இல்லையா? இருக்கிறது. போர்டு எழுந்ததிலிருந்து எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று என்று ஒரு கடிகாரம் உள்ளே எண்ணிக்கொண்டே இருக்கும். அது 49 நாள் 17 மணி நேரம் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பழைய பைக்கில் கிலோமீட்டர் மீட்டர் 99,999க்குப் பிறகு ஐந்து பூஜ்யமாகத் திரும்புமே, அதேதான். இப்போது ஒருவர், இந்த நேரத்தோடு 20 நிமிஷத்தைக் கூட்டி வை, கடிகாரம் அதைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்து என்று எழுதியிருக்கிறார். பேட்டரி வைத்து, கரண்டு போனாலும் போர்டு அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்புவதற்கு முந்திய கடைசி 20 நிமிஷத்துக்குள் மோட்டாரைப் போட்டால், கூட்டிய எண் சுற்றிக்கொண்டு சின்னதாகிவிடும். கடிகாரம் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டதாகத் தெரியும். மோட்டார் போட்டவுடன் நிற்கும். மறுபடி சோதித்தால் வராது. இந்த மாதிரிக் கோளாறைத் தேடுவதுபோல் மனிதரைப் பாடுபடுத்துவது வேறில்லை.

தீர்வு பைக் மீட்டரிலேயே இருக்கிறது. புறப்படும்போது 99,990, வீடு வந்து சேரும்போது 15. எவ்வளவு தூரம் ஓடியது? 25 கிலோமீட்டர் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். கழித்துப் பார்த்தால் சரியாக வரும், கூட்டி ஒப்பிட்டால் தவறும். மைனஸ் இல்லாத 32 பிட் எண்ணில் கழித்தலும் அப்படியே வேலை செய்யும். இப்போதைய நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழியுங்கள், கிடைப்பதை 20 நிமிஷத்தோடு ஒப்பிடுங்கள். இன்னொரு தடவை சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: கழித்து ஒப்பிட வேண்டும், கூட்டி ஒப்பிடக் கூடாது. சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. கடிகாரத்தை வாசிக்கும் இடத்தில் 429 கோடியே 49 லட்சத்து 57 ஆயிரத்து 296ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். போர்டு எழுந்த பத்தாவது செகண்டிலேயே கடிகாரம் சுற்றிவிடும்.

எண்ணின் அகலத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவானேன் என்று தோன்றலாம். 1991 வளைகுடாப் போரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்போது பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்புப் படைக்கருவி தினசரிச் செய்தியில் அடிபட்டது. அதன் கணிப்பொறி நேரத்தைச் செகண்டில் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. எண்ணியதைச் செகண்டாக்கப் பத்தில் ஒன்றால் பெருக்க வேண்டும். நமக்கு 0.1 ஒரே ஒரு தசம இலக்கம். ஆனால் பூஜ்யமும் ஒன்றும் மட்டும் வைத்து எழுதினால் 0.1 முடியவே முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று போய்க்கொண்டே இருக்குமே, அந்த வகை. அந்தக் கருவியில் இருந்தது 24 பிட். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டியது செகண்டில் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு.

ஒரு கோடியில் ஒரு பங்குதானே என்று தோன்றும். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த கருவி சுமார் 100 மணி நேரம் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணி நேரம் என்றால் பத்தில் ஒரு செகண்டுகள் 36 லட்சம். வெட்டிய சிறு துண்டு 36 லட்சம் முறை சேர்ந்து 0.34 செகண்டு ஆகிவிட்டது. எதிரில் வந்த ஸ்கட் ஏவுகணை ஒரு செகண்டில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாய்வது. 0.34 செகண்டில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் பார்த்த இடத்தில் அது இல்லை. தடுப்பு ஏவுகணை கிளம்பவே இல்லை. பிப்ரவரி 25 அன்று அமெரிக்கப் படைவீரர்கள் 28 பேர் இறந்தார்கள். நெடுநேரம் ஓடினால் கணக்குத் தவறும் என்று படைக்கு முன்பே தகவல் போயிருந்தது. நெடுநேரம் என்றால் எத்தனை மணி என்று மட்டும் அதில் எழுதவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், 26ஆம் தேதி. எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும் இதை முதல் செமஸ்டரிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. கடைசி வருஷம் வரை தள்ளிப்போடுகிறார்கள்.

பம்ப்செட்டுக்கு வருவோம். மோட்டார் ஓடுகிறது என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப ஆசைப்படுவார்கள், நல்ல ஆசை. ஆங்கில எழுத்தில் ஒரு செய்தியில் 160 எழுத்து போகும், தமிழில் 70தான். அந்த 70உம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. திருநெல்வேலி நம் கணக்கில் ஆறு எழுத்து. கணிப்பொறிக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி, ஆகப் பன்னிரண்டு. எழுத்தை எண்ணாக்கி வைக்கும் யூடிஎஃப் எட்டு முறையில் போர்டுக்குள் வைத்தால் பன்னிரண்டுக்கும் மும்மூன்று பைட், மொத்தம் 36 பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். புரோகிராம் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகமான ரேம் ஊனோவில் மொத்தமே 2,048 பைட். ஐம்பது அறுபது வாக்கியத்தைத் தமிழில் எழுதி வைத்தால் ரேம் தீர்ந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் புரோகிராம் கிறுக்குப் பிடித்து ஆடும். மாறாத வாக்கியங்களை ஃபிளாஷ் நினைவகத்திலேயே விட்டு வையுங்கள். அங்கே 32 கிலோபைட் இருக்கிறது.

இன்னொன்று, இது ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் வரும். ஊனோ சிப் ஒரு தடவைக்கு எட்டு பிட்தான் வாசிக்கும். 16 பிட் எண்ணை அடிப் பைட், மேல் பைட் என்று இரண்டு தடவையாக வாசிக்க வேண்டும். ஓடும் வேலையை நடுவில் நிறுத்திவிட்டு ஓடும் இன்டரப்ட் என்ற சிறு புரோகிராம் தண்ணீர் மீட்டரின் துடிப்பை எண்ணுகிறது. எண்ணிக்கை 255 ஆக இருக்கும்போது அடிப் பைட்டை வாசித்தாயிற்று. மேல் பைட்டை வாசிக்குமுன் ஒரு துடிப்பு வந்து 256 ஆகிவிட்டது. பழைய அடியும் புதிய தலையும் ஒட்டி 511 என்று காட்டும். இன்டரப்டை நிறுத்தி, எண்ணைப் பிரதி எடுத்து, மறுபடி திறந்துவிட வேண்டும்.

அடுத்து கரண்டு. போர்டில் ஒயர் செருகும் முனையைக் கால் என்போம். ஒரு காலிலிருந்து 20 மில்லிஆம்பியருக்குள் எடுப்பதுதான் நல்லது. ஐந்து வோல்ட் ரிலேச் சுருள் 70 மில்லிஆம்பியர் கேட்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், அதன் பேஸில் ஒரு கிலோஓம் ரெசிஸ்டர், சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என் 4007 டையோடு. டையோடை விட்டால், ரிலே அணையும்போது சுருள் கக்குகிற வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னல் அனுப்பும் நொடியில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். போர்டின் ஐந்து வோல்ட் காலிலிருந்து அதற்குக் கொடுத்தால் அழைப்பு வரும்போதெல்லாம் அணைந்து அணைந்து எழும். தனி சப்ளை கொடுங்கள், மாட்யூலை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். 2ஜி மாட்யூலாக இருந்தால் ஜியோ சிம் வேலை செய்யாது, அதையும் பார்த்து வாங்குங்கள். கிணற்று மிதவை சுவிட்சிலிருந்து வரும் நீள ஒயருக்குப் பத்து கிலோஓம் புல்-அப், அதாவது அந்த ஒயரை ஐந்து வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர், வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் ஒயரின் இரைச்சலைத் தண்ணீர் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். மும்முனைப் பக்கம் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது, அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். கல்லூரி விஷயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். நெல்லையில் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகமும் இருக்கிறது. நம் பக்கத்தில் கணினி அமைப்புப் பொறியியல் என்ற பெயரில் பிரிவு பெரும்பாலும் கிடைக்காது. சிஎஸ்இ, அதாவது கணினி அறிவியல் பொறியியல், கிடைத்தால் எம்பெடட் விருப்பப் பாடத்தை விடாதீர்கள். இசிஇ, அதாவது மின்னணு தொடர்பியல் பொறியியல், கிடைத்தால் டேட்டா ஸ்ட்ரக்சரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் சேர்த்துப் படியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நெட்வொர்க் பற்றிப் பேச வைத்திருந்தது அப்படியே நிற்கிறது. வாங்குகிற வரிசை மட்டும்: முதலில் மல்ட்டிமீட்டர், அடுத்து பற்றவைக்காமல் ஒயர் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டும் ரெசிஸ்டர்களும், போர்டு அதற்கப்புறம்தான். வணக்கம்.