திருடி வந்த உத்தரம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஆளுக்கு ஒரு வீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். நான் மாமியார் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டீர்கள். நம் ஊரில் ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போய்வந்தேன் என்றால் எந்த ஜெயில் என்றுதானே கேட்போம்! என் மாமியார் வீடு சீனாவில், ஹூனான் மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், யோங்ஷுன் வட்டாரத்து மலைகளுக்குள் இருந்தது. இப்போது இல்லை. 2019இல் பிரித்துவிட்டார்கள்.

நான் ஷென்ஜென் நகரத்தில் மின்னணு உதிரிபாகங்கள் வாங்கி அனுப்பும் வேலையில் இருந்தேன். அவளும் அதே தொழில். காதல் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பெண் வீட்டைப் பார்க்க முதலில் கிளம்பியது 2008 ஜனவரியில். அந்த வருஷம் தென் சீனத்தில் யாரும் எதிர்பாராத பனி. ஹூனானில் மின்கம்பிகள் மேல் பனி உறைந்து, பாரம் தாங்காமல் கோபுரங்களே சாய்ந்தன. ரயில்கள் நின்றுபோயின. குவாங்சோ ரயில் நிலையத்துக்கு வெளியே புத்தாண்டுக்கு ஊர் போக வந்த லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மழையில் நின்றார்கள். நாங்களும் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பினோம். மாப்பிள்ளையை நேரில் பார்ப்பது ஒரு வருஷம் தள்ளிப்போனதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதிதான்.

அடுத்த வருஷம் தப்ப முடியவில்லை. ரயிலில் ஓர் இரவு. ஜிஷோவில் இறங்கி, மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் பஸ். பிறகு ஒரு சந்தை ஊரிலிருந்து வேன். வேன் நின்ற இடத்திலிருந்து நடை. இதற்காகவே சக்கரம் வைத்த பெட்டி வாங்கிப் போயிருந்தேன். அந்தப் பாதையில் சக்கரத்துக்கு என்ன வேலை? எதிரே வந்த மச்சான் பெட்டியை அப்படியே தன் முதுகில் கட்டியிருந்த மூங்கில் கூடைக்குள் நிறுத்தி, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு முன்னால் ஏறிப் போய்விட்டார். அங்கே எதையும் தலையில் சுமப்பதில்லை. விறகு, உரமூட்டை, குழந்தை, எல்லாம் முதுகுக் கூடையில்தான்.

அவர்கள் தூஜியா இனத்தவர். ஹான் சீனர்கள் அல்ல. 1957இல்தான் அரசு இவர்களைத் தனி இனமாக ஏற்றது. மங்கோலியர்களும் மஞ்சுக்களும் பீக்கிங்கில் ஆண்ட காலத்தில்கூட இந்த மலைகளில் நடந்தது பெங் என்ற குடும்பப் பெயர் கொண்ட உள்ளூர்த் தலைவர்களின் ஆட்சி. 910இல் தொடங்கி 1728 வரை, எண்ணூறு வருஷத்துக்கு மேல். அவர்களுடைய கோட்டை ஊரின் இடிபாடுகள் யோங்ஷுன் பக்கத்திலேயே இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். என் மாமனாரிடம் இதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டேன். "ராஜா அங்கே இருந்தார், நாங்கள் இங்கே மக்காச்சோளம் போட்டோம்" என்றார். வரலாறு அத்தோடு முடிந்தது.

சரி, வீட்டுக்கு வருவோம். சரிவில் கிடைத்த கொஞ்சம் சமதளத்தில் மூன்று பத்தி வீடு. அதன் ஒரு கோடியிலிருந்து வளைந்து, சரிவின் மேல் மரக்கால்களில் நிற்கும் இன்னொரு பகுதி. அந்தக் கால்களுக்கு நடுவே பன்றியும் எருமையும். மேலே பெண்பிள்ளைகளின் அறை. என் மனைவி கணக்குப் போட்டுப் படித்ததெல்லாம் அங்கேதான். விடை தப்பானால் கீழேயிருந்து உறுமல் வரும் என்பாள். வீடு முழுக்கத் தேவதாரு மாதிரி நெட்டையாக வளரும் ஒரு மரம். ஒரு மரத்தில் துளை, இன்னொரு மரத்தில் நாக்கு, அடித்துச் செருகினால் தீர்ந்தது. கூட்டில் இரும்பு ஆணி கிடையாது. ஓடுகளும் சும்மா அடுக்கி வைத்தவைதான். பூனை ஓடினால் நகரும். வருஷத்துக்கு ஒரு தடவை மாமனார் ஏறிச் சரிசெய்வார்.

நடுக்கூடத்துச் சுவரில் சிவப்புத் தாளில் ஐந்து எழுத்துகள்: வானம், பூமி, நாடு, முன்னோர், ஆசான். நாடு என்கிற இடத்தில் மன்னராட்சிக் காலத்தில் அரசன் என்று இருந்ததாம். அரசன் போனதும் அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு மீதியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது பிடித்திருந்தது.

ஆனால் வீடு என்றால் அந்தக் கூடம் இல்லை. பக்கத்து அறைதான் வீடு. பலகைத் தரைக்கு நடுவே சதுரமாக ஒரு குழி, கல் விளிம்பு, உள்ளே நாள் முழுக்க அணையாத கணப்பு. அதன் மேல் மூன்று கால் இரும்பு வளையம். சமையல், சாப்பாடு, பேச்சு, சண்டை, தூக்கம் வரும்வரை உட்கார்ந்திருப்பது, எல்லாம் அதைச் சுற்றி. போன அன்று என் சாக்ஸ் நனைந்திருந்தது. அந்த வளையத்தின் மேல் காலை நீட்டி வைத்தேன். பேச்சு நின்றுபோயிற்று. மாமனார் ஒன்றும் சொல்லாமல், இடுக்கியின் பிடியால் என் பாதத்தை மெதுவாகத் தள்ளிவிட்டார். முன்னோர் இருக்கும் இடமாம் அது. மிதிக்கக் கூடாது, காலே படக் கூடாது. நான் என் ஊரில் அரிசிப்பானையில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புகைபோக்கி இல்லை. புகை எழுந்து, கணப்புக்கு மேலே தொங்கும் இறைச்சியைச் சுற்றி, அறைக்கு அறை பரவி, ஓட்டு இடுக்கில் வெளியேறும். மார்கழி, தை வாக்கில் வரும் அவர்களுடைய கடைசி மாதத்தில் பன்றி அடித்து, உப்புத் தடவி, இந்தப் புகையில் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். லாரோ என்று பெயர். நம் உப்புக்கண்டத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கரி, வெட்டினால் உள்ளே கண்ணாடி மாதிரி கொழுப்பு. நான் மூன்று நாள் கண்ணீர் விட்டுக்கொண்டே அதைத் தின்றேன். தூஜியாக் கல்யாணத்தில் மணப்பெண் அழ வேண்டும். வெறும் அழுகை இல்லை. அம்மாவுக்கு ஒரு பாட்டு, அக்காவுக்கு ஒரு பாட்டு, பெண் பார்க்க வந்த தரகியைத் திட்டி ஒரு பாட்டு என்று நாள்கணக்கில் பாடி அழ வேண்டும். நன்றாக அழுகிறவள் கெட்டிக்காரி. என் கண்ணைப் பார்த்த பெரியம்மா ஒருத்தி, "இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழுகிறான், பெண் சிரிக்கிறாள்" என்றாள். அந்த ஊரில் என் பேர் அதன் பிறகு அதுதான்.

அந்த வருஷம் புத்தாண்டு ஜனவரி 26. சீனா முழுக்க 25ஆம் தேதி இரவு குடும்ப விருந்து. இவர்கள் 24ஆம் தேதியே சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். மிங் அரசர் காலத்தில் கடற்கொள்ளையரோடு சண்டை போட அவசரமாகக் கூப்பிட்டார்களாம், வீரர்கள் ஒரு நாள் முன்னதாகவே பண்டிகை கொண்டாடிவிட்டுப் புறப்பட்டார்களாம். நானூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஒரு நாளை விடவில்லை.

"ஒரு புகைபோக்கி வைத்தால் என்ன?" என்று மாமனாரைக் கேட்டேன். நான் அவரை 'பா' என்று கூப்பிடுவேன். சீனத்தில் அப்பாவுக்கு அதுதான் சொல், நம் அப்பாவில் பாதி. அவர் மேலே கையைக் காட்டினார். கைமரம், விட்டம், ஓட்டின் அடிப்பக்கம், எல்லாம் தார் பூசியது போலக் கறுப்பு. "புகையை வெளியே அனுப்பிவிட்டால் வீட்டை யார் பார்த்துக்கொள்வது?" என்றார். மேகம் இறங்கி முற்றத்தில் உட்காரும் ஊர் அது. ஈரம் போகாது. வண்டு, கறையான், பூஞ்சை என்று மரத்தைத் தின்னப் பலர் காத்திருப்பார்கள். புகைதான் மருந்து.

கூடத்து முகட்டில் ஓர் உத்தரம். அதை மட்டும் அவர் காட்டும் விதம் வேறாக இருந்தது. "அது திருடியது" என்றார், பெருமையாக.

கம்யூன்கள் கலைந்து, நிலத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்த சமயம். இரண்டு விளைச்சல் நன்றாக வந்ததும் 1983இல் வீடு கட்டினார். தூணும் சட்டமும் சொந்த மலையிலிருந்து. முகட்டு உத்தரம் மட்டும் அடுத்தவன் மலையிலிருந்துதான் வர வேண்டும், கேட்காமல் வர வேண்டும். அதுதான் அந்தச் சீமை வழக்கம். நேராக, கிளைத்துச் செழித்த ஒரு மரத்தை முன்பே கண்ணில் போட்டு வைத்திருப்பார்கள். இருட்டில் நாலைந்து பேர் போய் வெட்டி, அடிமரத்தின் மேல் சிவப்பு உறையில் பணம் வைத்து, பட்டாசு கொளுத்திவிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பட்டாசுச் சத்தம் கேட்டதும் மலைக்காரனுக்குப் புரியும். திண்ணையில் நின்று ஒப்புக்கு இரண்டு வசவு விடுவான். துரத்த மாட்டான். தன் மரம் இன்னொருவன் வீட்டு முகட்டுக்குப் போகிறது என்றால் அவனுக்குக் கௌரவம். உத்தரத்தின் நடுவில் சிவப்புத் துணி கட்டி, தச்சர் மேலே உட்கார்ந்து பாட்டாகவே வாழ்த்துச் சொல்லி, இடித்த பச்சரிசி உருண்டைகளைக் கீழே வீசுவார். கூட்டம் அடித்துப் பிடித்துப் பொறுக்கும்.

வீடு கட்டியவருக்கு அதில் பேரன்களோடு உட்காரத்தான் நேரமில்லை. மச்சான் தொண்ணூறுகளில் துங்குவான் தொழிற்சாலைக்குப் போனார். பிறகு ஊரே போயிற்று. 2006இல் விவசாய வரியை அடியோடு எடுத்தார்கள். மூட்டையை முதுகில் சுமந்துபோய்த் தானிய நிலையத்தில் அளந்து கொடுத்த காலமெல்லாம் முடிந்தது. அதற்குள் அளக்கிற கைகள் இல்லை. கிராமத்துச் சின்னப் பள்ளிகளை மூடி, டவுன் பள்ளிகளோடு சேர்த்தார்கள். 2014இல் பேரனைப் படிக்கவைக்க மாமனாரும் மாமியாரும் டவுனில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் பாதித் தாத்தா பாட்டிகள் இப்படித்தான் பள்ளிக்கூட வாசலில் குடியிருக்கிறார்கள்.

கணப்பு அணைந்தது அப்போதுதான். அதன் பிறகு வருஷத்தில் பத்து நாள் எரிந்தால் அதிகம். முப்பது வருஷம் அசையாமல் நின்ற வீடு மூன்றே வருஷத்தில் வாயைப் பிளந்தது. 2017 புத்தாண்டுக்குப் போனபோது கூடத்தில் ஓர் ஓடு சரிந்து, தூண் ஒன்று நனைந்து, அடியில் காளான் முளைத்திருந்தது. பலகையில் விரல் வைத்தால் மாவு கொட்டியது. ஆள் இல்லாத வீடு பாழ் என்று நாம் சொல்வதை ஏதோ சோகப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அங்கே அது வெறும் தச்சுக் கணக்கு.

அப்புறம் இடமாற்றத் திட்டம் வந்தது. குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்து வறுமை ஒழிப்பது என்று ஷி ஜின்பிங் 2013 நவம்பரில் முதலில் பேசியது எங்கள் யோங்ஷுனும் அடங்கிய இதே ஷியாங்ஷி பகுதியில், ஷிபாதொங் என்ற மலைக்கிராமத்தில். அதன் ஒரு கிளைதான் மலையில் இருப்பவர்களைக் கீழே குடியமர்த்துவது. 2016 முதல் 2020 வரை நாடு முழுக்க ஏறக்குறைய 96 லட்சம் பேர் இறங்கினார்கள். தலைக்கு 25 சதுர மீட்டர் வரை. எங்கள் வீட்டுக் கணக்கில் ஐந்து தலை, 125 சதுர மீட்டர். கல்யாணமாகிப் போன மகள் கணக்கில் இல்லை. அவளுடைய அந்நிய மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு மனைதான் என்பது விதி. புது வீட்டுச் சாவி வாங்கினால் பழைய வீட்டைப் பிரித்து, மனையை நிலமாக்கிவிட வேண்டும்.

நான் குதித்தேன். இப்படியொரு வீட்டைப் பிரிப்பார்களா, நாம் செலவு செய்து காப்பாற்றலாமே என்று நீளமாகப் பேசினேன். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நீ வருஷத்துக்குப் பத்து நாள் வந்து நெருப்பு முன்னால் உட்கார்ந்து போனவன். நாற்பது வருஷம் தண்ணீர் சுமந்தவள் நான். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வருகிறது. உனக்கு வேண்டுமானால் நீ போய் இரு." எனக்குப் பதில் இல்லை. இன்று வரை இல்லை.

மாமனாருக்கு ஒரே கவலை, பெட்டி. அவர்கள் பக்கத்தில் அறுபதைத் தாண்டினால் சவப்பெட்டியைச் செய்து, கறுப்பு அரக்குப் பூசி, வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அதில் பயம் ஒன்றும் இல்லை. என் மாமியார் தன்னுடையதில் நெல் கொட்டி வைத்திருந்தார். ஆறாம் மாடிக்கு அதை எப்படி ஏற்றுவது, லிஃப்டில் நிற்குமா என்று அவர் உண்மையாகவே அளந்து பார்த்தார். கடைசியில் இரண்டு பெட்டிகளும் மலையிலேயே தங்கிவிட்ட ஒரு பங்காளி வீட்டுப் பரணுக்குப் போயின.

வீட்டைப் பிரித்தபோது பழைய மர வியாபாரி ஒருவர் தூண்களை வாங்கிக்கொண்டார். சுற்றுலா விடுதிகளுக்கு இந்தக் கறுப்பு மரம்தான் வேண்டுமாம். உத்தரத்துக்கு நல்ல விலை சொன்னார். மாமனார் கொடுக்கவில்லை. நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு, அது எந்த மலையிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்குப் போனார். திட்டிவிட்டுத் துரத்தாமல் நின்ற அந்த மனிதர் எப்போதோ இறந்திருந்தார். மகனுக்கு இந்தக் கதையே தெரியாது. "எதற்குப் பெரியப்பா இந்தப் பழைய கட்டை?" என்று கேட்டுவிட்டு, மறுக்க முடியாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கடைசியாக நாங்கள் போயிருந்தபோது மாமனார் எங்களை அங்கே கூட்டிப்போனார். உத்தரம் பன்றிக் கொட்டகையின் கூரையில் கிடந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் உள்ளே போய், கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு மூங்கிலை எடுத்துத் தட்டிக் காதைக் கொடுத்தார். கீழே பெரிய வாணலியில் பன்றிக்குக் கிழங்கும் தழையும் வெந்துகொண்டிருந்தன. விறகு ஈரம். கொட்டகை முழுக்க ஒரே புகை, என் கண்ணில் வழக்கம்போலத் தண்ணீர்.

"நல்ல இடம்தான்" என்றார்.