பக்கத்துப் பூங்காவில் பழகிய கேமரா

வணக்கம் நேயர்களே. படம் எடுப்பது என் தொழில் இல்லை. ஓய்வு கிடைக்கும்போது கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் நான். பெரும்பாலும் போவது நடந்தே போய்விடக்கூடிய ஒரு பூங்காவுக்கு. நாலு நாள் விடுமுறை சேர்ந்தால் வெளியூருக்கு. இந்த இரண்டைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

கேமரா வாங்கிய கையோடு எல்லோரும் கேட்கிற கேள்வி, "எங்கே போனால் நல்ல படம் கிடைக்கும்?" என்பதுதான். மலை, கடற்கரை, பழைய கோட்டை என்று பட்டியல் நீளும். என்னைக் கேட்டால், பக்கத்துப் பூங்காவுக்குப் போங்கள், திரும்பத் திரும்பப் போங்கள் என்பேன். பயணத்தில் ஓர் இடத்தைப் பெரும்பாலும் ஒரு தடவைதான் பார்க்கிறோம். அன்றைக்கு என்ன வெளிச்சமோ, அதுதான் கிடைக்கும். பூங்காவில் அந்தக் கவலை இல்லை. இன்று சரியாக வரவில்லையா, சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நம் படத்துக்காக எந்தப் பத்திரிகையும் காத்திருக்கவில்லை. பொழுதுபோக்காக எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

போன இடத்துக்கே போவதைப் பெரிய கலைஞர்களும் செய்திருக்கிறார்கள். பாரிஸின் பழைய தெருக்களைப் படம்பிடித்துப் பேர் பெற்றவர் யூஜின் அட்ஜே. 1925-இல், எழுபதை நெருங்கும் வயதில், பாரிஸுக்குத் தெற்கே பராமரிப்பில்லாமல் கிடந்த 'சோ' என்கிற பூங்காவுக்கு அவர் வசந்தகாலம் முழுக்கப் போய்வந்தார். கையில் இருந்ததோ கனமான மரக் கேமராவும், ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பதியும் கண்ணாடித் தகடுகளும். சில படங்களில் காலை ஏழு மணி என்று நேரத்தையும் குறித்துவைத்திருக்கிறார். ஆந்த்ரே கெர்த்தேஸ் இன்னும் ஒரு படி மேல். ஹங்கேரியில் பிறந்த அவர், 1952-இல் நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவைப் பார்த்தபடி இருந்த ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனார். 1985-இல் இறக்கும்வரை அதுதான் வீடு. பனி மூடிய நடைபாதை, இலை உதிர்ந்த கிளைகள், கீழே தனியாக நடந்து போகும் ஒரு மனிதர் என்று உயரத்திலிருந்தே அந்தப் பூங்காவை எடுத்துத் தள்ளினார்.

ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தால் முதலில் பிடிபடுவது வெளிச்சம். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் நிழல் நீளும், மரப்பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் எடுப்பாகத் தெரியும். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மேகமூட்டத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வானம் மூடியிருந்தால் பலர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பூக்களை எடுக்க அதைவிட நல்ல பொழுது கிடையாது. நிழல் முரட்டுத்தனமாக விழாது, சிவப்பும் மஞ்சளும் அதனதன் நிறத்தில் நிற்கும்.

அப்புறம், கேமரா வெளிச்சத்தை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது. உள்ளே இருக்கும் ஒளிமானி, எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சமாக இருக்கவேண்டும் என்ற கணக்கை வைத்துத்தான் வேலை செய்கிறது. இருண்ட குளத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது என்று வையுங்கள். ஃப்ரேமில் பெரும்பகுதி கறுத்த தண்ணீர். அதைச் சாம்பலாக்கப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். விளைவு, கொக்கு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறிப்போகும். இறகு ஒன்றும் தெரியாது. கேமராவின் கணக்கை நாம் கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, குறைத்துப் பாருங்கள், கழுத்தோரத்து மெல்லிய இறகுகள்கூடப் பிரிந்து தெரியும். அதே கொக்கு கிட்டே வந்து ஃப்ரேமை நிறைத்துவிட்டால் கதை தலைகீழ். இப்போது கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கும். நாம் கூட்டிவைக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போவதற்கு ஒரு குளமும் சில காலைகளும் வேண்டும்.

எனக்குப் பூங்காவில் மிகவும் பிடித்தது தும்பிகள். தும்பி பறந்து போனதும் பின்னாலேயே ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓடத் தேவையில்லை. உட்கார்ந்து இரை தேடும் வகைத் தும்பிகள் ஒரு சுற்று பறந்துவிட்டு, பெரும்பாலும் அதே குச்சி நுனிக்குத் திரும்பிவரும். நுனியில் ஃபோகஸை வைத்துவிட்டு அசையாமல் இருந்தால் போதும். விடியற்காலைக் குளிரில் இன்னும் சுலபம். சிறகை இயக்கும் தசைகள் சூடேறும்வரை தும்பியால் பறக்க முடியாது. பனித்துளி ஒட்டிய சிறகோடு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். சிக்கல் ஃபோகஸில்தான். அவ்வளவு கிட்டப்போனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். முகத்துக்கு நேரே போனால் கண் தெளியும், வால் கரைந்துபோகும். பக்கவாட்டுக்கு வந்து, கேமராவின் பின்புறம் தும்பியின் உடலுக்கு இணையாக இருக்கும்படி பிடித்து, லென்ஸின் துளையை எஃப் 8 அல்லது எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தால் தலை முதல் வால்வரை ஒரே தெளிவில் கிடைக்கும்.

பறவைகளுக்குப் பொறுமையோடு கொஞ்சம் காற்றைப் பற்றிய அறிவும் வேண்டும். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்று நம் முதுகில் படும்படி நின்றால் அது நம்மைப் பார்த்து வர வாய்ப்பு அதிகம். பறக்கும் பறவைக்கு நொடியில் 2000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வைக்கலாம். அதற்காக ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, ஏற்றத் தயங்க வேண்டாம். படத்தில் புள்ளிகள் வந்தால் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம், ஆட்டம் கண்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, வானொலியில் சொல்லலாமா தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன்: கிளையில் உட்கார்ந்திருக்கும் பெரிய பறவை எச்சமிட்டால் விரலை ஷட்டரில் வையுங்கள். பல நேரம் அடுத்த வேலை பறப்பதுதான்.

கூட்டின் பக்கம் மட்டும் போகாதீர்கள். மறைப்பாக இருக்கும் ஒரு கிளையைப் படத்துக்காக விலக்கினாலே, வெயிலுக்கும் மற்ற உயிரினங்களுக்கும் குஞ்சுகளைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். பிறர் வீட்டுக் குழந்தைகளை எடுப்பதாக இருந்தால் பெற்றோரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி பயணம். புகழ்பெற்ற இடம் எதற்குப் போனாலும், போவதற்கு முன்பே அதன் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருப்போம். போனதும் கால்கள் தாமாக அதே இடத்தில் போய் நிற்கும். அந்தப் படத்தை எடுக்கவே கூடாது என்று சிலர் வீம்பு பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசை தீர எடுத்துவிடுங்கள், அப்புறம் திரும்பி நின்று எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூங்காவில் பழகியது இங்கேதான் கைகொடுக்கும். ஒரு பயணத்தில் நான்கு ஊர் சுற்றுவதைவிட, ஓர் ஊரில் தங்கி ஒரே இடத்துக்கு மாலையிலும் மறுநாள் விடியலிலும் போவது படத்துக்கு நல்லது. கூட வந்தவர்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அவர்கள் எழுந்திருப்பதற்குள் போய்த் திரும்பிவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. புதிய ஊரிலும் ஒரு பூங்கா இருக்கும், அங்கேயும் போய் உட்காருங்கள். சுற்றுலா இடங்களில் எல்லோரும் கேமராவுக்காகச் சிரிக்கிறார்கள். பூங்காப் பெஞ்சில் அந்த ஊர்க்காரர்கள் இயல்பாக இருப்பார்கள்.

லென்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஒரு நாளைக்கு ஒரு லென்ஸ். மாற்றிக்கொண்டே இருந்தால் கவனம் பைக்குள் போய்விடும். போலரைசர் ஃபில்டர் ஒன்று வைத்துக்கொள்ளலாம், தண்ணீரின் பளபளப்பையும் இலையின் மினுமினுப்பையும் அடக்கும். சூரியனுக்குப் பக்கவாட்டில், அதாவது 90 டிகிரியில் பார்க்கும்போது வானம் நன்றாகக் கருநீலமாகும். அகன்ற கோண லென்ஸில் மட்டும் வானம் ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் போகும். வெளிச்சத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப்வரை இந்த ஃபில்டர் விழுங்கிவிடும் என்பதால் சாயங்காலத்தில் கழற்றிவிடுவது நல்லது.

ஏசி அறையிலிருந்து ஈரப்பதமான வெளிக்காற்றுக்கு வந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் சற்று நேரம் வெளியே வைத்திருந்தால் அது வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. வேறு நேர மண்டலத்துக்குப் போனால் கேமராவின் கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

அந்தக் கடிகாரம் ஏன் முக்கியம் என்றால், தேதியும் இடமும் சரியாக உள்ள படம் சுமாராக இருந்தாலும் ஒருவருக்குப் பயன்படும். ஐநேச்சுரலிஸ்ட் என்றொரு இணையத்தளம் 2008 முதல் இருக்கிறது. நாம் எடுத்த பூச்சி, பறவை, செடியின் படத்தை அதில் ஏற்றினால், உலகின் எந்த மூலையிலோ இருக்கும் ஆர்வலர்கள் அடையாளம் கண்டு சொல்கிறார்கள். சரிபார்க்கப்பட்ட பதிவுகளை ஆய்வாளர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் என்றால் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடும். மற்றபடி நாமாக வேறெங்காவது படம் போடும்போது, கூடு இருக்கும் மரத்தை அடையாளம் காட்டுகிற மாதிரி எதையும் எழுதாமல் இருந்தால் போதும்.

நன்றி. வணக்கம்.